இரண்டு கோர்ட்டுகள், ஒரு ஐகோர்ட்

சென்னை நீதிமன்ற வரலாறு – அத்தியாயம் 4

சென்ற அத்தியாயத்தை 1798இல் ரிக்கார்டர் கோர்ட் வந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அந்தக் கோர்ட் மூன்று ஆண்டுதான் நடந்தது. 1801 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு சுப்ரீம் கோர்ட்டைத் திறந்தார்கள். ரிக்கார்டராக இருந்த சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்சே அதற்கும் தலைமை நீதிபதியானார். இன்று கனடாவின் பகுதியாக இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு இங்கே வந்தவர் அவர். பிற்காலத்தில் இந்து சட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை நம் வக்கீல்கள் பல தலைமுறைகளுக்குப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்து மன்னரின் கோர்ட். அதன் அதிகாரம் சென்னைப் பட்டணத்தின் எல்லையோடு நின்றது. பட்டணத்துக்கு வெளியே அதன் கை நீண்டதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் விஷயத்தில்தான். அங்கே வாதாடியவர்கள் லண்டனில் படித்து வந்த பாரிஸ்டர்கள். அவர்களுக்கு வழக்குக் கட்டைத் தயார் செய்து கொடுத்தவர்கள் அட்டர்னிகள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

அப்படியானால் தஞ்சாவூர் மிராசுதாரும் திருநெல்வேலிக் குடியானவரும் எங்கே போனார்கள்? அவர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802இல் தனியாக ஒரு வரிசையை உண்டாக்கியது. கீழே ஜில்லா கோர்ட்டுகள், அதற்கு மேலே மாகாண அப்பீல் கோர்ட்டுகள், உச்சியில் சென்னையில் சதர் அதாலத். சிவில் வழக்கை விசாரித்தால் சதர் திவானி அதாலத், கிரிமினல் வழக்கானால் பௌஜ்தாரி அதாலத். முதலில் அதன் நீதிபதிகளாக உட்கார்ந்தவர்கள் கவர்னரும் அவருடைய கவுன்சிலும்தான். ஆட்சி செய்கிறவரே அப்பீலையும் கேட்டார். கொலை, கொள்ளை வழக்குகளில் முகமதிய குற்றவியல் சட்டம் செல்லுபடியானது. முப்தி சொன்ன கருத்தைக் கேட்டுத் தண்டனை விதித்தார்கள். சொத்து, தத்து, பாகப்பிரிவினை என்றால் பண்டிதரைக் கேட்டார்கள்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு உச்ச நீதிமன்றங்கள். கும்பகோணத்து வியாபாரி ஒருவருக்கு ஊரில் நிலத் தகராறு வந்தால் அது சதர் அதாலத்தில் முடியும். அவரே தங்கசாலைத் தெருவில் கடன் கொடுத்து ஏமாந்தால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முன்னதில் அவருக்காகப் பேசியவர் வக்கீல், பின்னதில் பாரிஸ்டர். சட்டம், நடைமுறை, செலவு எல்லாமே வேறு. இந்த இரட்டை நிலை அறுபது ஆண்டுகள் நீடித்தது. சதர் அதாலத்தின் வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. நான் இந்த அத்தியாயம் முழுவதும் பின்தொடரப் போவது அந்த வக்கீல்களைத்தான். சென்னை ஐகோர்ட்டின் முதல் ஐம்பது ஆண்டு வரலாறு, என் பார்வையில், நீதிபதிகளின் வரலாறு என்பதைவிட யார் அங்கே எழுந்து நின்று பேசலாம் என்பதன் வரலாறு.

1816இல் தாமஸ் மன்ரோவின் யோசனைப்படி கிராம முன்சீப், ஜில்லா முன்சீப் பதவிகள் விரிவாக்கப்பட்டன. அதனால் கீழ்க் கோர்ட்டுகளில் நம்மவர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். வழக்குகளில் பெரும்பகுதியை அவர்களே தீர்த்தார்கள். ஆனால் ஏணியின் நடுப்படிக்கு மேலே அவர்களுக்கு இடமில்லை.

அந்த நடுப்படியில் நின்ற ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராக எல்லோருக்கும் தெரியும். தமிழின் முதல் நாவலை எழுதிய அவர் தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் மொழிபெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். அந்த வேலையின் அருமை இன்றைக்கு நமக்கு எளிதில் புரியாது. மேல்கோர்ட் என்ன சொன்னது என்பது ஆங்கிலம் தெரிந்த ஒரு சிலரின் கையில் இருந்த காலம் அது. கட்சிக்காரர் வக்கீல் சொன்னதை நம்ப வேண்டும், வக்கீல் தனக்குச் சொன்னவரை நம்ப வேண்டும். அந்தச் சங்கிலியை அறுத்து, தீர்ப்பைத் தமிழ் படித்தவர் எவரும் படிக்கலாம் என்று ஆக்கியவர் ஒரு முன்சீப். அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தனி மனிதர் செய்தார். நாவலுக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது இந்த நூலுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

1857க்குப் பிறகு கம்பெனி ஆட்சி போயிற்று. மன்னர் கோர்ட், கம்பெனி கோர்ட் என்று இரண்டு வைத்திருக்கக் காரணமும் கூடவே போயிற்று. அதற்குள் சட்டங்களும் தொகுக்கப்பட்டுவிட்டன. 1859இல் சிவில் நடைமுறைச் சட்டம், 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். பட்டணத்துக்கு ஒரு சட்டம், பட்டிக்காட்டுக்கு ஒரு சட்டம் என்பது மெல்லத் தேய்ந்தது. 1861இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஐகோர்ட் சட்டத்தை நிறைவேற்றியது. விக்டோரியா ராணி 1862 ஜூன் 26இல் சென்னைக்கான சாசனத்தைப் பிறப்பித்தார். கல்கத்தாவில் ஜூலையிலும் பம்பாயில் ஆகஸ்ட் 14இலும் ஐகோர்ட்டுகள் தொடங்க, சென்னையில் ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. முதல் தலைமை நீதிபதி சர் காலி ஸ்காட்லாந்து. அந்தச் சாசனத்தை மாற்றி 1865இல் இன்னொன்று வந்தது. இன்றும் ஒற்றை நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து இரண்டு நீதிபதிகளிடம் போகும் அப்பீல்கள் பல அந்த 1865 சாசனத்தின் 15ஆவது ஷரத்தின்படிதான் போகின்றன.

இரண்டு கோர்ட்டுகள் இணைந்ததை ஒரே குடும்பத்தில் காட்டலாம். மன்னரின் கோர்ட்டுக்கு முதல் தலைமை நீதிபதியாக இருந்தவர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் என்று மேலே பார்த்தோம். அவருடைய மகன் தாமஸ் லமிஸ்டன் ஸ்ட்ரேஞ்ச் கம்பெனி சிவில் சர்வீஸில் எழுத்தராகச் சேர்ந்து, தலைச்சேரி முதலிய ஊர்களில் ஜட்ஜாக இருந்து, மேலே வந்தவர். 1862இல் புதிய ஐகோர்ட்டின் நீதிபதிகளில் அவரும் ஒருவர். தகப்பனார் இருந்த பக்கமும் மகன் வந்த பக்கமும் அன்று ஒன்றாயின. அவர் அடுத்த ஆண்டே பதவியை விட்டுப் போய்விட்டார்.

புதிய சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்கள் இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்காவது சிவில் சர்வீஸ்காரர்கள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். மீதி இடத்துக்குக் கீழ்க் கோர்ட்டில் ஐந்து ஆண்டு நீதிபதியாக இருந்தவரும் சதர் கோர்ட்டிலோ ஐகோர்ட்டிலோ பத்து ஆண்டு வக்கீலாக இருந்தவரும்கூட வரலாம். பாரிஸ்டராகவோ சிவில் சர்வீஸ்காரராகவோ இல்லாத இந்தியர் உள்ளே நுழையச் சட்டம் விட்ட வழி இது ஒன்றுதான். கல்கத்தாவில் 1863இலேயே ஷம்புநாத் பண்டிட் அந்த வழியாக நீதிபதியானார். சென்னை மேலும் பதினைந்து ஆண்டு காத்திருந்தது.

அதற்கு முன் வக்கீல்களின் சண்டையைச் சொல்ல வேண்டும். ஐகோர்ட் ஒன்றானாலும் அதற்குள் பழைய இரண்டும் உயிரோடு இருந்தன. கீழ்க் கோர்ட்டுகளிலிருந்து வரும் அப்பீல்களைக் கேட்கும் பிரிவு சதர் அதாலத்தின் வாரிசு; சென்னைப் பட்டணத்து வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் 'ஒரிஜினல் சைடு' சுப்ரீம் கோர்ட்டின் வாரிசு. பெரிய வணிக வழக்குகளும் பெரிய பீஸும் இரண்டாவதில்தான் இருந்தன. அங்கே பாரிஸ்டர் பேச வேண்டும், அட்டர்னி கட்டுப் பார்க்க வேண்டும் என்பது பழைய வழக்கம். சென்னை ஐகோர்ட் தன் விதிகளில் வக்கீல்களையும் அங்கே அனுமதித்தது. அட்டர்னிகள் விடவில்லை. 1870களில் வக்கீல்களை எதிர்த்து அந்த ஐகோர்ட்டிலேயே முறையிட்டார்கள். ஐகோர்ட் வக்கீல்கள் பக்கம் நின்றது.

இது ஏதோ தொழில் போட்டி என்று கடந்து போய்விடக் கூடாது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஒரிஜினல் சைடு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வக்கீல்களுக்கு மூடியே கிடந்தது. 1926இல் பார் கவுன்சில் சட்டம் வந்த பிறகுதான் இந்த வேற்றுமை நாடு முழுக்கக் கரையத் தொடங்கியது. சென்னையில் அது அரை நூற்றாண்டு முன்னதாகவே கரைந்தது. கப்பல் ஏறி லண்டன் போக வசதியும் துணிவும் இல்லாத ஒரு தஞ்சாவூர்ப் பையனோ மதுரைப் பையனோ இங்கேயே சட்டம் படித்து, வெள்ளைக்கார பாரிஸ்டருக்கு எதிராக எழுந்து நிற்கலாம் என்ற நிலை இங்கேதான் முதலில் உண்டாயிற்று. சென்னை வக்கீல்களின் பெயர் பிற்காலத்தில் இந்தியா முழுக்கப் பரவியதற்கு இந்த முன்தொடக்கம் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். 1891இல் அவர்கள் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' இந்தியச் சட்ட இதழ்களில் மூத்தவற்றில் ஒன்று.

இனி திருவாரூர் முத்துசாமி ஐயர்.

1832இல் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தார். அவருடைய கூர்மையைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் பையனை நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்து, பிறகு சென்னைக்கும் அனுப்பினார். சென்னையில் பவல் துரையின் மாணவராகப் படித்து, 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். 1856இல் தரங்கம்பாடி முன்சீப். வேதநாயகம் பிள்ளை இருந்த அதே தரங்கம்பாடிதான். பிறகு சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட், அதன் பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி.

அவர் தெருவிளக்கில் படித்தார் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதைவிட அந்த ஒரு ரூபாய் வேலைதான் பெரிதாகப் படுகிறது. கணக்குப்பிள்ளையின் அருகில் உட்கார்ந்து அடங்கலும் சிட்டாவும் பார்த்த பையன் பிற்காலத்தில் ஐகோர்ட்டில் உட்கார்ந்தான். மிராசு என்றால் என்ன, குத்தகை எப்படி ஓடுகிறது, ஒரு வரப்பு நகர்ந்தால் குடும்பத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருந்திருக்காது. உடன் இருந்த பாரிஸ்டர் நீதிபதிகள் எவருக்கும் அந்தப் படிப்பு கிடைக்கவில்லை.

1878இல் அவரை ஐகோர்ட் நீதிபதியாக்கியபோது சென்னையின் ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் பொங்கின. இந்திய அதிகாரியை ஐரோப்பியருக்குச் சமமாக நடத்தக் கூடாது, சம்பளமும் அதே அளவு கொடுக்கக் கூடாது என்று எழுதின. பதில் சொல்ல நம்மவர்களிடம் ஒரு பத்திரிகை இல்லை. அந்தக் குறைதான் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்களை ஒன்று சேர்த்தது. ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், கேசவ ராவ் பந்த், சுப்பா ராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்டம் படித்த மாணவர்கள். கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20இல் 'தி ஹிந்து' வாரப் பத்திரிகையாக வெளிவந்தது. ஒரு நீதிபதியின் நியமனத்தை ஒட்டி எழுந்த வாதத்தில் பிறந்த பத்திரிகை அது. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறகு 1882இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். பாரதியார் பின்னாளில் அங்கேதான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஐகோர்ட் நாற்காலி ஒன்றில் யார் உட்காருவது என்ற கேள்வி இவ்வளவு தூரம் போயிற்று.

முத்துசாமி ஐயர் பதினேழு ஆண்டு நீதிபதியாக இருந்தார். 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். சென்னையில் அந்த இடத்தை அடைந்த முதல் இந்தியர் அவர். 1895 ஜனவரியில் இறந்தார். ஐகோர்ட்டில் இருக்கும் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் காலைப் பாருங்கள்: தலைப்பாகையோடு, செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் காலி செய்த இடத்துக்கு வந்தவர் மதுரையில் வக்கீல் தொழில் தொடங்கிய எஸ். சுப்பிரமணிய ஐயர். அட்வகேட் ஜெனரல் பொறுப்பை இங்கே முதன்முதலில் வகித்த இந்தியரும் ஒரு வக்கீல்தான், வி. பாஷ்யம் ஐயங்கார்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் முப்பது ஆண்டு ஐகோர்ட் நடந்தது கடற்கரைச் சாலையில், இப்போது ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கும் இடத்தில் இருந்த பெண்டிங்க் கட்டடத்தில். இன்றைய சிவப்புக் கட்டடத்தின் வேலை 1888இல் தொடங்கியது. பிராசிங்டன் போட்ட வரைபடத்தைத் திருத்தி முடித்தவர் ஹென்றி இர்வின். ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். செலவு ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். 1892 ஜூலை 12இல் திறந்தார்கள். 1894இலிருந்து 1977 வரை அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கமும் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டு ஒன்று அதன் சுற்றுச்சுவரைத் தாக்கியது. அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் நீதியும் வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி அவர்கள் மேல் வழக்குத் தொடர்ந்தார். நுழைய உரிமையில்லை என்று கீழ்க் கோர்ட் சொன்னது. ஐகோர்ட்டும் அதையே சொன்னது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. வழக்கம் எது என்று பார்த்தார்களே தவிர, வழக்கம் நியாயமா என்று கேட்கவில்லை. சட்டம் படித்த எல்லோரும் ஒரே பக்கம் நின்ற அந்த வழக்கு இந்தக் கோர்ட்டின் வரலாற்றில் ஒரு பெரிய தோல்வி. முதல் இந்திய நீதிபதிகளில் பெரும்பாலோர் பிராமணர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1916இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை வெறுங்காற்றில் எழுதப்பட்டதல்ல. பட்டியல் சாதியிலிருந்து ஒருவர், ஏ. வரதராஜன், இந்த ஐகோர்ட்டில் நீதிபதியாக 1973 ஆக வேண்டியிருந்தது. அவரே 1980இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. பெண்கள் கதையும் இப்படித்தான். 1929இல் ஆனந்தா பாய் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். முதல் பெண் நீதிபதியாக பத்மினி ஜேசுதுரை வந்தது 1986இல்.

வ.உ. சிதம்பரம் பிள்ளையைச் சொல்லாமல் வக்கீல் கதை முடியாது. 1908இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த நாடு கடத்தல் தண்டனையை ஐகோர்ட் அப்பீலில் வெகுவாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் விடுதலையானார். ஆனால் வக்கீல் சன்னதைப் பறித்துவிட்டார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் சென்னையில் பிழைப்புக்குத் திண்டாடினார். அந்தச் சன்னதை அவர் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. நன்றி மறக்கவில்லை, தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிறகு கோவில்பட்டியில் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனார்.

ஐகோர்ட்டின் எல்லை பிறகு சுருங்கியது. 1954இல் ஆந்திரத்துக்குக் குண்டூரில் தனி ஐகோர்ட் வந்தது. 1956இல் மலபார் கேரளத்தோடு போயிற்று. 1962இல் புதுச்சேரி வந்து சேர்ந்தது. தென் மாவட்டத்து மக்களுக்கோ சென்னை தூரமாகவே இருந்தது. கன்னியாகுமரிக்காரர் ஒரு வாய்தாவுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். வக்கீல்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை, தொடக்கத்தில் 13 மாவட்டங்களுக்காகத் திறக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பூட்டு மிச்சமிருக்கிறது. முசிறி முன்சீப் கோர்ட்டில் பிராது தமிழில் போகலாம், சாட்சி தமிழில் சொல்லலாம், தீர்ப்பும் தமிழில் வரலாம். அதே வழக்கு அப்பீலாக ஐகோர்ட்டுக்கு ஏறினால் ஆங்கிலமாகிவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில மொழியை ஐகோர்ட்டில் அனுமதிக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவின்படி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில ஐகோர்ட்டுகளில் இந்தி அனுமதிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தமிழ்நாடு சட்டப்பேரவை 2006 டிசம்பரில் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் காட்டி மத்திய அரசு மறுத்தது. தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும் வேலை இப்போது நடக்கிறது, நல்லதுதான். ஆனால் அது வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்துகொண்டு ஒண்டியாகச் செய்த வேலை. தன் வழக்கில் தன் வக்கீல் என்ன பேசுகிறார் என்பது கட்சிக்காரருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நான்கு மாநிலங்களுக்குக் கொடுத்ததை ஐந்தாவதுக்கு மறுக்க நியாயமான காரணம் ஒன்றையும் நான் காணவில்லை.

அடுத்த அத்தியாயம் 1950 ஜூலை 27ஆம் தேதியில் தொடங்கும். அன்றைக்கு இந்த ஐகோர்ட் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.